கொத்தமல்லித் தண்ணியும் கப்பல் தண்ணியும்

ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தவர்கள் என்னிடம் பாஸ்போட்டைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ கேட்பது குறைவு. "அங்க என்ன தண்ணி சேர் குடிக்கிற?" என்பதுதான் முதல் கேள்வி. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பீ.எச்.ஐ. என்றால் கிணற்றுக்குள் குளோரின் போடுகிறவர் என்றுதான் ஊர் நினைக்கிறது. அதனால் கேள்வி என் வாசலுக்கு வருவது நியாயம்தான். ஆனால் இதே கேள்வியை ஊரில் எங்களுக்கு முந்திய தலைமுறைகளும் கேட்டிருக்கின்றன. அப்போது அது உயிரோடு திரும்புவதா இல்லையா என்ற கேள்வி.

எங்கள் ஊர் ஒரு மணல் திட்டு. கிழக்கே கடல், மேற்கே வயல். மணலுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், அடியிலிருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே பாரம் குறைந்த படலமாக நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆழத் தோண்டினால் கரிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் புகுந்த கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்யப் போனவர்களுக்கு அடியிலிருந்து உப்பு மேலேறியது இதனால்தான். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. அதை மாரி மழைதான் எடுத்தது. இந்தக் கிணற்றுத் தண்ணீருக்குப் பழகிய நாக்கோடுதான் எங்கள் ஆட்கள் அன்று ஹிஜாஸுக்குப் புறப்பட்டார்கள்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். என் மூத்தம்மாவின் வாப்பா போனது அதற்கு முந்தி. வீடு வீடாக ஏறி இறங்கி "பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்டு, கணக்கு வழக்கெல்லாம் தீர்த்து, வராமலும் போகலாம் என்ற நினைப்போடு புறப்பட்டாராம். அவருடைய மூட்டையில் என்ன இருந்தது என்பதை மூத்தம்மா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்: அரிசி, கருவாடு, தேயிலை, இடித்த கொத்தமல்லி, வேர்க்கொம்பு, ஈயம் பூசிய செப்புக் கேத்தல், ஒரு சின்னப் பையில் தேத்தாங்கொட்டை.

தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கலங்கல் அடியில் படிந்துவிடும். படியும் சேற்றோடு கிருமியில் ஒரு பங்கும் இறங்கும். மிச்சம் தெளிந்த தண்ணீருக்குள்ளேயே இருக்கும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதால் பயமில்லாமல் குடிப்பார்கள், அதுதான் ஆபத்து. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் கொண்டுபோனது தடிமலுக்கும் காய்ச்சலுக்கும். ஆனால் அதைக் குடிக்க வேண்டுமானால் தண்ணீரைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். மூத்தம்மாவின் வாப்பா நம்பியது தேத்தாங்கொட்டையை. அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது கேத்தல் என்பது என் எண்ணம். "உனக்கு எல்லாம் கிருமிதான், மனே. அவரைக் கொண்டுவந்தது அல்லாஹ்," என்பார் மூத்தம்மா. அதை நான் மறுத்துப் பேசியதில்லை.

கிருமி என்ற பேச்சு இன்னும் பரவாத 1865இல், மக்காவில் வாந்திபேதி பரவி ஏறக்குறைய 15,000 ஹாஜிகள் மௌத்தானார்கள் என்பது கணிப்பு. அது திரும்பும் கப்பல்களோடு சூயெஸுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அப்போதுதான் வல்லரசுகளுக்கு ஹாஜிமாரின் உடல்நலத்தில் திடீர் அக்கறை பிறந்தது. 1866இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் மாநாடு கூட்டினார்கள். 1880களின் தொடக்கத்தில் யெமன் கரைக்கு அப்பால் கமரான் தீவில் உஸ்மானிய அரசு தடுப்புமுகாம் அமைத்தது. தெற்கிலிருந்து செங்கடலுக்குள் வரும் ஹஜ்ஜுக் கப்பல்கள் அங்கே நிற்க வேண்டும். ஹாஜிமார் இறங்கிக் குளிக்க, உடுப்பு நீராவியில் வேகும். நாட்கணக்கில் காத்திருந்தவர்களின் முறைப்பாடுகளில் அங்குள்ள தண்ணீருக்கும் ஓர் இடம் இருந்தது. நோயைத் தடுக்க நிறுத்திவைத்த இடத்திலேயே தண்ணீர் சரியில்லை!

கப்பலுக்கும் சட்டம் வந்தது. 1926ஆம் ஆண்டுச் சர்வதேச சுகாதார உடன்படிக்கை, ஒவ்வொரு ஹாஜிக்கும் நாளொன்றுக்கு 5 லீற்றர் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றது. தண்ணீரில் சந்தேகம் வந்தால் கொதிக்கவைக்க வேண்டும் அல்லது வேறு வழியில் கிருமி நீக்க வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்கும் அடுத்த துறைமுகத்தில் பழையதைக் கடலில் கொட்டிவிட வேண்டும். அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்த வாசகம் இந்தக் "கொட்டிவிட வேண்டும்" என்பதுதான். சந்தேகமான தண்ணீரை மனமாரக் கொட்டுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஜித்தாவில் இறங்கினால் வேறு கதை. மழைத் தண்ணீரை நிலத்தடித் தொட்டிகளில் சேர்த்துவைத்து விற்ற பட்டினம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானியர் அங்கே கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். ஊரார் அதைக் 'கிந்தாஸா' என்றார்கள். நிலக்கரி எரித்துச் செய்த தண்ணீர், ஆகவே காசு. மக்காவுக்கோ ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டுவித்த வாய்க்கால் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு மேல் ஹாஜிமாரின் தாகம் தீர்த்த வேலை அது. ஆனால் திறந்த இடங்களில் அதற்குள் என்ன விழுந்தது என்பதற்குக் காவல் இல்லை. வாடகை வீட்டில் தண்ணீருக்கும் காசு, விறகுக்கும் காசு என்றால், ஏழை ஹாஜி கொதிக்கவைப்பாரா, அப்படியே குடிப்பாரா? எந்த வழி நல்லது என்பதை அந்தக் காலத்தில் மடிசீலைதான் தீர்மானித்தது.

ஸம்ஸம் விசயத்தில் சண்டையே நடந்தது. 1880களின் தொடக்கத்தில் ஜித்தாவிலிருந்த பிரித்தானியத் தூதரகம் ஒரு போத்தல் ஸம்ஸமை லண்டனுக்கு அனுப்ப, ஃபிராங்லாந்து என்ற இரசாயன நிபுணர் அது கழிவு கலந்த தண்ணீர் என்று எழுதிவிட்டார். முஸ்லிம்களுக்குக் கோபம் வந்தது. பிரித்தானியர் ஹஜ்ஜையே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1895இல் மக்காவில் கிருமி நீக்கும் இயந்திரங்களை மக்கள் அடித்து நொறுக்கினார்கள். அதே வருடம், இந்தியாவிலிருந்து போய் ஜித்தாவில் பிரித்தானியரின் உதவித் தூதுவராக இருந்த டொக்டர் அப்துர் ரஸ்ஸாக் சுட்டுக்கொல்லப்பட்டார். சோதித்துப் பார்ப்பது அவமதிப்பு என்று நினைத்த காலம் அது. இன்று ஸம்ஸமை வடிகட்டி, புறஊதாக் கதிர் பாய்ச்சித்தான் கொடுக்கிறார்கள். 2010இல் அதற்கென்றே ஓர் ஆலை மக்காவில் திறந்தார்கள். யாருடைய ஈமானும் குறையவில்லை.

1905இல் சினாய்க் கரையின் அல்தூர் தடுப்புமுகாமில் மௌத்தான ஹாஜிமாரின் உடலிலிருந்துதான் 'எல் தோர்' என்ற வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். 1961இல் இந்தோனேசியாவில் கிளம்பி உலகம் சுற்றியது இந்த வகைதான். ஹஜ்ஜுக்கென்று இருந்த தனித் தடுப்புச் சட்டங்கள் 1957இல் நீங்கி, பொறுப்பு சவூதி அரசின் கைக்குப் போயிற்று.

பிறகு விமானம் வந்தது, எண்ணெய்க் காசும் வந்தது. எங்கள் பிள்ளைகள் ஜித்தாவுக்கும் றியாதுக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போனார்கள். அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் கடலைக் காய்ச்சியோ வடித்தோ எடுத்த சுத்தமான தண்ணீர். பழுதாவது மொட்டைமாடித் தாங்கியில். கழுவாத தாங்கிக்குள் நின்ற தண்ணீருக்கு எந்த ஆலையும் உத்தரவாதம் தராது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூடி உடையாத போத்தல் கிடைத்தால் அது. இல்லையென்றால் கேத்தல்: தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரை மூன்றாம் பட்சம். போட்டு அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும், கலங்கல் தண்ணீரில் அதன் பலம் குறையும், சில ஒட்டுண்ணிகளுக்கு அது ஒன்றும் செய்யாது. புறஊதா விளக்கும் தெளிந்த தண்ணீரில்தான் வேலை செய்யும்.

போன முறை ஹஜ்ஜு விளக்கக் கூட்டத்தில் இவ்வளவும் சொல்லி முடித்தேன். பின் வரிசையில் ஒரு ஹாஜியார் எழும்பி, "மௌலவி, இஹ்ராத்தில வாசம் பூசப்படாதே, குளோரின் மணக்குதே, குடிக்கலாமா?" என்றார். மௌலவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது அத்தர் இல்ல காக்கா, குடிங்க," என்றார். ஹாஜியார் உடனே என் பக்கம் திரும்பி மாத்திரையின் விலையைக் கேட்டார்.