குருந்தமும் பசையும்: கைக்கடக்கமான வெட்டுச் சக்கரத்தின் வரலாறு

உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பிடி, அதன் அடியில் செருகப்படும் சிறு பேட்டரி, முனையில் 76 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட வட்டத் தகடு ஆகியவற்றால் அமைந்த சிறு வெட்டுக்கருவி, அண்மை ஆண்டுகளில் குழாய் வேலை செய்வோர், வாகனப் பட்டறையினர், மின்பணியாளர் ஆகியோரின் கருவிப் பைகளில் இடம்பிடித்திருக்கிறது. துரு ஏறி ஸ்பேனருக்கு அசையாத போல்ட்டின் தலையைச் சீவுவது, சுவரை ஒட்டிச் செல்லும் இரும்புக் குழாயைத் துண்டிப்பது, பதிக்கப்போகும் டைலில் ஒரு மூலையை மட்டும் எடுப்பது போன்ற சில்லறை வேலைகளே இதன் களம். இதை ரம்ப வகையில் சேர்ப்போர் உண்டு. ஆனால் ரம்பத்திற்குரிய பல் இதில் ஒன்றுகூட இல்லை. பட்டறைப் பேச்சில் ‘கட்டிங் வீல்’ எனப்படும் அத்தகடு உலோகத்தை அறுப்பதில்லை, அராவுகிறது. கடினமான துகள்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக வந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய சீவல்களாக அதைச் சுரண்டி எடுக்கின்றன. ஆகவே இதன் முன்னோரைத் தேடுபவர் தச்சரின் ரம்பத்தை விட்டுவிட்டு, சாணைக்கல்லின் வழியே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அராவி வெட்டும் முறை மிகப் பழையது. பண்டைய எகிப்தியர் கருங்கல்லைச் செம்புத் தகடுகளால் வெட்டினர் என்பது முதற்பார்வைக்கு நம்ப முடியாத செய்தியாகும். செம்பு கருங்கல்லைவிட மிக மென்மையானது. 1880களில் கீசா பிரமிடுகளை அளந்தாய்ந்த பிளிண்டர்ஸ் பெட்ரி, அத்தகடுகளில் கடினமான மணிக்கற்கள் பற்களாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதினார். பின்வந்த ஆய்வாளர் பலரோ, தகட்டின் கீழே தூவப்பட்ட மணலே வெட்டியது, தகடு அம்மணலை முன்னும் பின்னும் இழுத்துச் செல்லும் வேலையை மட்டுமே செய்தது என்ற முடிவுக்கு வந்தனர். மணலின் பெரும்பகுதியான குவார்ட்சே கருங்கல்லின் கடினமான உறுப்புமாகும் என்பதால், இம்முறையில் கல்லை மணல் வெல்வது மெதுவாகத்தான் நிகழும். தகடும் கல்லோடு சேர்ந்து தேய்ந்துகொண்டே வரும். குவார்ட்சைவிடக் கடினமான துகள் கிடைத்தால் வேலை விரையும் என்பதைப் பழங்காலக் கைவினைஞர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஏஜியன் கடலின் நாக்சோஸ் தீவிலிருந்து வந்த எமரி என்னும் கரும்பொடி மத்தியதரைக் கடல் நாடுகளில் அதற்குப் பயன்பட்டது.

எமரியின் வீரியம் அதனுள் கலந்திருக்கும் ஒரு கனிமத்தால் வருவது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அக்கனிமம், கனிமங்களின் கடினத்தன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோவின் அளவுகோலில் ஒன்பதாம் இடத்தில், வைரத்திற்கு அடுத்த படியில் நிற்பது. நிறமும் தெளிவும் கூடியபோது மாணிக்கம் என்றும் நீலம் என்றும் பெயர் பெறுவது. தூய்மையற்ற, மங்கலான வடிவில் அது தமிழ்நாட்டில் குருந்தம் எனப்பட்டது. ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் இன்று அக்கனிமத்திற்கு வழங்கும் பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே என்று அம்மொழிகளின் அகராதிகள் குறிக்கின்றன. வடமொழியில் மாணிக்கத்தைச் சுட்டும் குருவிந்தம் என்ற சொல்லோடு இதற்கு உறவுண்டு. லண்டன் ராயல் கழகத்தின் ஆய்விதழில் 1798-ஆம் ஆண்டு சார்ல்ஸ் கிரெவில் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றி விரிவாக எழுதியபோது, ஐரோப்பியக் கனிமவியலாரின் பார்வை தென்னிந்தியாவின் பக்கம் திரும்பியது. இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி வட்டாரத்தில், அனார்தொசைட் என்னும் வெளிறிய பாறைக்குள் குருந்தப் படிகங்கள் பொதிந்து கிடக்கின்றன. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கற்களை உருவாக்கிய தொழிற்கூடங்கள் இயங்கியதை அகழாய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய தொழில் இப்பகுதியில் செழித்ததற்குக் கற்கள் கிடைத்தது மட்டும் போதுமான காரணமாகாது. கற்களைத் தேய்க்கும் பொருளும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

துகள் கிடைத்துவிட்டால் மட்டும் சக்கரம் உருவாகிவிடுவதில்லை. துகளைப் பிடித்து நிறுத்தும் பிணைப்பு வேண்டும். அப்பிணைப்பு, மழுங்கிய துகளை உரிய நேரத்தில் உதிரவிட்டு அடுத்த கூரிய துகளுக்கு வழிவிடுவதாகவும் இருக்க வேண்டும். கெட்டியாகப் பிடித்தால் சக்கரம் வழவழப்பாகி வேலை செய்யாது. இலேசாகப் பிடித்தால் கரைந்துபோகும். இந்தியச் சாணை பிடிப்போரும் மணி தீட்டுவோரும் குருந்தப் பொடியை உருக்கிய அரக்கோடு பிசைந்து வட்டமாக வார்த்து, இச்சிக்கலுக்கு அழகான தீர்வு கண்டிருந்தனர். அரக்கு சூட்டில் இளகும், குளிர்ந்தால் இறுகும். தேய்ந்த சாணையை மீண்டும் உருக்கிப் புதிதாக வார்க்கலாம். ஆனால் அதே இளக்கம்தான் அதன் எல்லையும்: வேகம் கூடினால் உராய்வின் சூடு கூடும், சூடு கூடினால் அரக்கு கையை விரித்துவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், நார்ட்டன் என்பவரின் மட்பாண்டத் தொழிற்சாலையில் வேலை செய்த ஸ்வீடன் நாட்டுக் குயவர் ஒருவர், 1870களில் எமரியைக் களிமண்ணோடு குழைத்துச் சூளையில் சுட்டு, சூட்டுக்கு அசையாத சக்கரத்தை உருவாக்கினார். தொழிற்சாலைகளின் சாணை எந்திரங்களை அச்சக்கரம் ஆட்கொண்டது. ஆயினும் சுட்ட மண் சட்டியைப் போல் நொறுங்கக்கூடியது என்பதால், அதை ஒரு மில்லிமீட்டர் தகடாக்கிக் கையில் பிடித்துச் சுழற்றுவது எண்ணிப் பார்க்கவும் தகாததாக இருந்தது.

இடையில் துகளின் கதையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. பென்சில்வேனியாவின் மொனொங்ககேலா ஊரில், எடிசனிடம் முன்பு பணியாற்றிய எட்வர்ட் அச்சிசன், 1891-இல் களிமண்ணையும் கல்கரியையும் மின்சாரத்தால் சூடேற்றியபோது, கண்ணாடியைக் கீறும் பளபளப்பான சிறு படிகங்களைக் கண்டார். அவை கார்பனும் குருந்தமும் கலந்த பொருள் என்று தவறாகக் கருதி, இரு பெயர்களையும் ஒட்டிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சிலிக்கான் கார்பைடு. குருந்தத்தின் ஒரு துளியும் அதில் இல்லை. பொருள் பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. தமிழ்ச் சொல்லொன்றின் பின்பாதி, அமெரிக்க வணிகப் பெயரின் வாலாக உலகெங்கும் சுற்றியது. மலிவான மின்சாரத்தை நாடி அச்சிசனின் தொழில் நயாகரா அருவிக்கு இடம்பெயர்ந்தது. அதே அருவியின் மின்சாரத்தால் பாக்சைட்டை உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்யும் தொழிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேரூன்றியது. எஃகை வெட்டும் இன்றைய சக்கரங்களில் பெரும்பாலும் நிறைந்திருப்பது இந்தச் செயற்கைக் குருந்தமே. கல், செங்கல் போன்றவற்றுக்குச் சிலிக்கான் கார்பைடு ஏற்றது. கார்போரண்டம் என்ற பெயர் 1954-இல், முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. சேலத்துப் பக்கத்துச் சொல் நயாகராவைச் சுற்றிக்கொண்டு சென்னைத் திருவொற்றியூருக்குத் திரும்பியது என்று சொன்னால் மிகையாகாது.

பிணைப்பின் சிக்கலைத் தீர்த்தது வேதியியல். லியோ பேக்கலண்டு 1907-இல் உருவாக்கிய பேக்கலைட், ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் வினைபுரிந்து உண்டாகும் செயற்கைப் பிசின். ஒருமுறை சூட்டில் இறுகிவிட்டால் அரக்கைப் போல் மறுபடி இளகாது, சுட்ட மண்ணைப் போல் எளிதில் விரியவும் செய்யாது. இவ்வகைப் பிசினால் பிணைத்த சக்கரங்கள் புழக்கத்திற்கு வந்தபின், அவற்றுக்குள் கண்ணாடியிழை வலையைப் பொதித்து, விரிசல் கண்டாலும் சட்டென்று சிதறாதபடி வலுவூட்டும் வழக்கமும் உருவானது. தேய்ந்துபோன கட்டிங் வீல் ஒன்றின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால், பழுப்புத் துகள்களுக்கிடையே வெள்ளை நூல்போல் பிரிந்து நிற்பது அந்த வலைதான். இந்த வலையும் பிசினும் இல்லையேல் மெல்லிய வெட்டுச் சக்கரம் இல்லை.

மெல்லிய சக்கரத்தின் திறன் அதன் விளிம்பு வேகத்தைப் பொறுத்தது. கையால் பிடிக்கும் கருவிகளின் பிசின் சக்கரங்களுக்கு நொடிக்கு 80 மீட்டர் என்பது வழக்கமான உச்ச வரம்பு. 76 மில்லிமீட்டர் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 239 மில்லிமீட்டர். அது நிமிடத்திற்கு 20,000 முறை சுழன்றால் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 80 மீட்டர், அதாவது மணிக்கு 287 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது. 115 மில்லிமீட்டர் சக்கரம் அதே விளிம்பு வேகத்தை 13,300 சுற்றிலும், 230 மில்லிமீட்டர் சக்கரம் 6,600 சுற்றிலும் எட்டிவிடும். சிறிய கருவி ஏன் பெரியதைவிடக் கீச்சென்று கத்துகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. சக்கரம் தேய்ந்து 50 மில்லிமீட்டராகும்போது விளிம்பு வேகம் நொடிக்கு 52 மீட்டராகக் குறைந்துவிடுவதால், வெட்டும் மந்தமாகிறது. பேட்டரி தளர்ந்துவிட்டது என்று வேலையாள் அப்போது எண்ணுவது பெரும்பாலும் பிழையான எண்ணம். மேலும், சுழற்சியால் சக்கரத்தைப் பிய்த்தெறிய முயலும் அழுத்தம் விளிம்பு வேகத்தின் இருபடியாகப் பெருகுவது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் கைக்கு வந்த வரலாறு ஒப்பீட்டளவில் குறுகியது. ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் 1895-இல் கையில் பிடித்துத் துளையிடும் மின்கருவியைச் செய்தது. அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் கைத்துப்பாக்கி போன்ற பிடிக்கும் விசைக்கும் காப்புரிமை பெற்றது. சக்கரக் கருவிக்கு உருக்கொடுத்தது ஆக்கர்மான் அண்டு ஸ்மிட் என்னும் ஜெர்மானிய நிறுவனம். வளையும் தண்டின் முனையில் சுழலும் சாணைக் கருவிகளை முன்பு செய்துவந்த அந்நிறுவனம், 1954-இல் மோட்டாரையும், சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் பல்சக்கரப் பெட்டியையும் ஒரே உடலில் இணைத்து, அதிவேக ஆங்கிள் கிரைண்டரை வெளியிட்டது. வளைதண்டைச் சுட்டிய ‘ஃபிளெக்ஸ்’ என்ற பெயர், வளைதண்டே இல்லாத இக்கருவிக்கும் ஒட்டிக்கொண்டு, ஜெர்மன் மொழியில் ‘ஃபிளெக்சன்’ என்னும் வினைச்சொல்லாகவும் ஆனது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செயற்கை வைரம் உருவானதும் அதே 1954-ஆம் ஆண்டின் இறுதியில்தான். டைலையும் கான்கிரீட்டையும் வெட்டும் வைரச் சக்கரங்கள் பின்னாளில் மலிவானதற்கு அதுவே வித்து.

மின்கம்பியிலிருந்து கருவி விடுபட்டதைப் பற்றி ஒரு கட்டுக்கதை பரவலாக உள்ளது. நிலவுப் பயணத்திற்காக நாசாவே கம்பியற்ற கைக்கருவிகளைக் கண்டுபிடித்தது என்பது அக்கதை. பிளாக் அண்டு டெக்கர், நிக்கல்-காட்மியம் பேட்டரியில் இயங்கும் துளைக்கருவியை 1961-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் பயன்படுத்திய துளைக்கருவியின் உருவாக்கத்தில் அந்நிறுவனம் பங்குகொண்டது பின்னைய நிகழ்வு. நாசா வாடிக்கையாளரே தவிரத் தாய் அல்ல. எனினும் நிக்கல்-காட்மியம் கனத்தது. நிமிடத்திற்கு 20,000 சுற்று கேட்கும் சக்கரத்திற்கு ஈடுகொடுக்கும் பேட்டரியைச் சிறு கைப்பிடிக்குள் அடைக்க அதனால் இயலவில்லை. சோனி நிறுவனம் 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலம், 2005-ஐ ஒட்டிக் கைக்கருவிகளுக்குள் நுழைந்தபின்னரே நிலைமை மாறியது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட மூன்று கலங்கள் கைப்பிடிக்குள் நின்று 10.8 வோல்ட் தருகின்றன. முழுதாக மின்னேற்றியதும் காட்டும் உச்ச அளவைக் கொண்டு வணிகர் அதையே 12 வோல்ட் என்கின்றனர். கார்பன் தூரிகை இன்றி மின்னணுச் சுற்றால் இயங்கும் மோட்டாரும் உடன் சேர, மூன்று அங்குலச் சக்கரக் கருவி பிறந்தது. போஷ் வெளியிட்ட 76 மில்லிமீட்டர் கருவியும், மில்வாக்கி 2018-இல் வெளியிட்ட, சக்கரத்தை இரு திசையிலும் சுழற்றவல்ல கருவியும் இவ்வகையின் அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். திசை மாற்றம் வெறும் அலங்காரம் அன்று. குறுகிய இடத்தில் தீப்பொறி முகத்தை நோக்கிப் பாயாமல் மறுபக்கம் செல்லும்படி திருப்ப அது உதவுகிறது.

இக்கருவியால் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் வெட்ட இயலாது. தடித்த கம்பிகளைக் கட்டுக்கட்டாக நறுக்க வேண்டிய இடத்தில் பெரிய கிரைண்டருக்கு இது மாற்றாகாது. பெரிய கருவியின் தலை நுழையாத இடுக்கில், ஆக்ஸா பிளேடை இழுக்கக் கைவீச்சும் இல்லாத இடத்தில், ஒரே ஒரு போல்ட்டை அரை நிமிடத்தில் துண்டிப்பதே இதன் தகுதி. விளம்பரங்கள் அத்தகுதியின் பெருமை முழுவதையும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் கொடுக்கின்றன. வரலாற்றை நோக்கினால் அதில் பெரும்பங்கு, அரக்கில் தொடங்கிப் பிசினில் முடிந்த பசைக்கே உரியது. கருவியில் முதலில் முதுமை எய்துவதும் அந்தப் பசைதான்: ஈரமும் வெப்பமும் பட்டால் பிசின் பெட்டிக்குள் கிடந்தபடியே வலுவிழக்கும் என்பதால், இத்தகைய சக்கரங்களுக்கு உற்பத்தி நாளிலிருந்து மூன்றாண்டுகளே ஆயுள் குறிக்கப்படுகிறது. அந்தக் காலாவதி நாள் சக்கரத்தின் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நாள் கடந்த சக்கரத்தையும், கருவியின் சுழற்சி எண்ணைவிடக் குறைந்த எண் அச்சிடப்பட்ட சக்கரத்தையும் எக்காரணம் கொண்டும் மாட்டலாகாது.