பிப்டெக்: 0.99-லேயே நின்றுபோன கதை

பி.காம். படித்த பேங்க்காரனுக்கு டெக், லாடெக் எல்லாம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். இதுவும் ஒரு கணக்குப் புத்தகக் கதைதான்.

ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலை ஒரு பத்திரிகை எண் போட்டுக் கேட்கும். இன்னொன்று ஆண்டை அடைப்புக்குறிக்குள் கேட்கும். டைப்ரைட்டர் காலத்தில் பட்டியல் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் செய்த 'ஸ்க்ரைப்' இதற்கு வழி காட்டியது. அவரது ஆய்வேடு 1980-ல் வந்தது. நூல் விவரம் ஒரு கோப்பில், அச்சாகும் வடிவம் வேறொரு கோப்பில். ஒரே வவுச்சரிலிருந்து டே புக், லெட்ஜர், பேலன்ஸ் ஷீட் எல்லாம் வருகிற மாதிரி!

டொனால்ட் க்னூத்தின் டெக், அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லாடெக். இவற்றோடு சேர்ந்து ஓட 1985-ல் ஓரன் படாஷ்னிக் எழுதியதுதான் பிப்டெக். கூடவே ப்ளெயின், அன்சார்ட், ஆல்ஃபா, அப்ரவ் என்று நான்கு பாணிகள். ஐந்தாவது வேண்டுமென்றால்? அங்கேதான் வில்லங்கம். பாணிக் கோப்பின் மொழியில் இரண்டும் மூன்றும் கூட்ட '#2 #3 +' என்று எழுத வேண்டும். 1981-ல் வந்த எச்பி 12சி கால்குலேட்டர் தட்டியவர்களுக்குப் புரியும். அதில் ஈக்வல் பொத்தானே கிடையாது! இந்த மொழி தெரியாதவர் ஒரு கமாவை நகர்த்தக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டியதுதான்.

1990-களில் பேட்ரிக் டேலி 'மேக்பிஎஸ்டி' எழுதினார். லோன் அப்ளிகேஷன் மாதிரி வரிசையாகக் கேள்வி கேட்கும். இனிஷியல் முன்னாலா, பின்னாலா? ஆண்டு எங்கே? பதில் சொன்னால் பாணிக் கோப்பு தயார். 2006-ல் ஃபிலிப் லேமனின் பிப்லாடெக் வந்தபின், லாடெக் கட்டளைகளாலேயே பாணியை மாற்ற முடிந்தது.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். பிப்டெக் ஒரு பெயரை நான்காக வெட்டும்: முதற்பெயர், 'வான்' மாதிரி ஒட்டு, கடைசிப்பெயர், ஜூனியர். ஐரோப்பிய அச்சு. நூலகவியல் தந்த நம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் இதில் கச்சிதமாகப் பொருந்துவார், அவர் பெயர் கடைசியில் இருப்பதால். ஆனால் 'சர்நேம்' கேட்கும் படிவத்தில் அப்பா பெயரைப் பின்னால் போட்டவர்கள்? இங்கே நாக்பூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கட்டுரைகளை எல்லோரும் அவள் அப்பா பெயரிலேயே மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் ரிடையரான தாசில்தார். பாலிமர் பக்கமே போனதில்லை :-) உழைத்தவளுக்கு மிஞ்சியது ஓர் இனிஷியல்.

பிப் கோப்பில் சொந்தப் பெயர், கமா, பிறகு அப்பா பெயர் என்று எழுதினால் போதும். அப்ரவ் பாணி அப்பா பெயரை இனிஷியலாக்கி முன்னால் வைக்கும், நம் ஊர் வழக்கப்படியே. பிப்லாடெக்கில் 2016 முதல் பெயரின் பாகங்களையே நாம் வரையறுக்கலாம். ஆனால் இதெல்லாம் நம் கோப்பில் மட்டும்தான். ஊரார் கோப்பில் நம் கை எட்டாது.

பிப்டெக் 1988-ல் 0.99-ஐ எட்டியது. 2010-ல் சின்னச் சின்னத் திருத்தம். 1.0 வரவே இல்லை. ஆனாலும் 1988-ல் எழுதிய பிப் கோப்பு இன்றும் ஓடும். ஒரு தடவை பதிந்தது அவ்வளவு காலம் நிற்கும், தப்பான பெயரும் சேர்த்துத்தான். வீட்டில் ஆராய்ச்சிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால், முதல் கட்டுரை அனுப்பும் முன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்யச் சொல்லுங்கள்.