பூஞ்சைவழி வெள்ளி நானோதுகள்கள்

பூஞ்சைவழி வெள்ளி நானோதுகள்கள் என்பவை, பூஞ்சைகள் சுரக்கும் பொருட்களின் துணையுடன் வெள்ளி அயனிகளிலிருந்து பெறப்படும், 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடைய வெள்ளித் துகள்கள் ஆகும். நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் அழிக்கவல்லவையாதலால், மருத்துவத்திலும் துணிகளிலும் பயன்படுத்துவதற்காக இவை ஆராயப்படுகின்றன.

வரலாறு

புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முரளி சாஸ்திரி, அப்சர் அகமது உள்ளிட்ட ஆய்வாளர்கள், வெர்டிசிலியம் என்னும் பூஞ்சை தன் உயிரணுக்களுக்குள் வெள்ளித் துகள்களை உருவாக்குவதை 2001 இல் வெளியிட்டனர். இத்துகள்களைப் பிரித்தெடுக்க உயிரணுக்களை உடைக்க வேண்டும். பியூசேரியம் ஆக்சிசுபோரம் என்னும் பூஞ்சை, 5 முதல் 15 நானோமீட்டர் அளவுடைய துகள்களை உயிரணுவுக்கு வெளியே கரைசலிலேயே உருவாக்குவதை 2003 இல் இவ்வாய்வகத்தினர் காட்டினர். இதனால் பிரித்தெடுத்தல் எளிதாயிற்று.

உருவாக்கும் முறை

நீர்ம ஊடகத்தில் வளர்த்த பூஞ்சை கழுவப்பட்டுத் தூய நீரில் இடப்படுகிறது. அது சுரக்கும் பொருட்கள் நீரில் கலந்தபின் பூஞ்சை வடிகட்டி நீக்கப்படுகிறது. வடிநீரில் வெள்ளி நைத்திரேட்டைச் சேர்க்கும்போது வெள்ளி அயனிகள் உலோக வெள்ளியாக ஒடுக்கப்படுகின்றன; கரைசல் பழுப்பு நிறமடைகிறது. ஒடுக்கத்தில் நொதிகள் பங்குபெறுவதாகக் கருதப்படுகிறது. பூஞ்சைப் புரதங்கள் துகள்களைப் போர்த்தி, அவை ஒன்றாகத் திரளாமல் காக்கின்றன. எனவே தனியாக ஒடுக்கியோ நிலைப்படுத்தியோ தேவைப்படுவதில்லை.

செயற்படும் விதம்

துகள்கள் பாக்டீரியாவின் உறையில் ஒட்டி அதைச் சிதைக்கின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனிகள் புரதங்களிலுள்ள கந்தகத்துடன் பிணைந்து நொதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. சிறிய துகள்களுக்கு எடைக்கு ஒப்பான மேற்பரப்பு மிகுதியாதலால் அவற்றின் தாக்கமும் பொதுவாக மிகுதி.

பயன்பாட்டு ஆய்வுகள்

* பிரேசிலின் நெல்சன் துரான் குழுவினர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், இத்துகள்கள் ஏற்றிய பருத்தித் துணி, சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் இசுட்டெஃபைலோகாக்கசு ஆரியசு பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தியது.
* சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், திரைக்கோடெர்மா விரிடே பூஞ்சைவழித் துகள்கள் நான்கு நுண்ணுயிரெதிரி மருந்துகளின் ஆற்றலைக் கூட்டின. ஆம்பிசிலினுடன் இவ்விளைவு மிகுதியாக இருந்தது.

வரம்புகள்

வெள்ளியையும் பாக்டீரியாக்கள் எதிர்க்கக்கூடும். வெள்ளி நைத்திரேட்டு, ஆம்பிசிலின் இரண்டையும் எதிர்த்த சால்மனெல்லா, பாசுட்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் கண்டறியப்பட்டது 1975 இல் வெளியானது. எனவே தேவையற்ற பொருட்களில் வெள்ளியைச் சேர்ப்பது, தேவையான இடத்தில் அதன் பயனைக் குறைக்கக்கூடும்.

துணிகளைத் துவைக்கும்போது வெளியேறும் வெள்ளி நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சாகும். மேற்கூறிய பிரேசில் ஆய்விலேயே கழிவுநீரிலுள்ள வெள்ளியைப் பாக்டீரியா கொண்டு அகற்றும் முறையும் ஆராயப்பட்டது. அளவு மிகுந்தால் மனித உயிரணுக்களும் பாதிக்கப்படும்.

பியூசேரியம் ஆக்சிசுபோரத்தின் சில வகைகள் வாழை, தக்காளி முதலிய பயிர்களில் வாடல் நோயை உண்டாக்குவன. ஆகையால் துகள் கரைசலில் உயிருள்ள வித்துகள் எஞ்சாதவாறு நீக்குதல் இன்றியமையாதது.