ஒன்பதின் கணக்கும் எண்ணெயின் கணக்கும்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகள் மண்ணுள் புதைந்தன. அச்செய்தியைச் சேகரிக்க அங்கு சென்ற பத்திரிகையாளர் பலருள் நானும் ஒருவன். நான் சென்ற பழைய ஜப்பானியக் கார் பெரகலையிலிருந்து இறங்கும்போதே 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்கிவிட்டது. கொழும்பில் ஒரு கராஜில் அதே சத்தத்துக்காகச் சில நாட்களுக்கு முன்னர்தான் பணம் கட்டியிருந்தேன்.

கொஸ்லந்தையில் வீதியோரமாக இருந்த சிறிய கராஜ் ஒன்றில் நிறுத்தினேன். அறுபதைக் கடந்த ஒரு பெரியவர் வந்தார். இயந்திரத்தை ஓடவிட்டு, நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை அதன் மேல்மூடியில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துச் சற்று நேரம் கேட்டார். பிறகு ஓயில் அளக்கும் கம்பியை உருவி, விரல்களுக்கிடையில் எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தார்.

"சேர், இது டப்பட் இறுக்குற எஞ்சின் இல்ல. இதுல ஓயில்தான் டப்பட்டை இறுக்குது. சத்தத்தை அமுக்க யாரோ தடிச்ச ஓயிலை ஊத்திட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டின் தொழில்நுட்ப வரலாறு இருக்கிறது. மலையகத் தமிழரின் எழுதப்படாத வரலாற்றில் ஒரு பக்கமும் இருக்கிறது.

இயந்திரத்தினுள் காற்றும் எரிபொருளும் நுழையவும் புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. சூடேறினால் வால்வின் தண்டு நீளும். அதற்கு இடம் தருவதற்காகப் பழைய இயந்திரங்களில் தண்டுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி விடப்பட்டது. இடைவெளி கூடினால் சத்தம் எழும், வால்வு முழுமையாகத் திறவாது, இழுவை குறையும். இடைவெளி அற்றுப்போனாலோ வால்வு முற்றாக மூடாது. சத்தமே இல்லாமல் எரிந்து போகும். எனவே, சத்தமிடும் டப்பட்டைவிடச் சத்தமிடாத டப்பட்டுக்கே மெக்கானிக் அதிகம் அஞ்சுவார்.

இலங்கையின் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் காருக்கு இந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. அதன் 8 வால்வுகளைச் சரிசெய்வதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். வருவது எந்த எண்ணோ, அந்த வால்வு முழுதாக மூடியிருக்கும், அதைச் சரிசெய்யலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. ஆங்கிலக் கையேட்டைப் படிக்க முடியாத ஒருவரும் இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைச் சீராக்கிவிடலாம்.

பெரியவர் இக்கணக்கைக் கற்றது பாடசாலையில் அன்று. பக்கத்துத் தோட்டமொன்றின் லொறிச் சாரதி, 1960களின் இறுதியில், அவருக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டிகளையே திரும்பத் திரும்பப் பழுதுபார்த்து நாடு ஓட்டியது. கொஸ்லந்தைக்கு ரயில் இல்லை. ஹப்புத்தளைப் பக்கத்து மலைக்கும் வெல்லவாயத் தாழ்நிலத்துக்கும் நடுவே, தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து செல்லும் வீதிதான் அதன் உயிர்நாடி. அந்த ஏற்றத்தில் ஒரு வால்வு எரிந்தால் கொழுந்து லொறி நடுவழியில் நின்றுவிடும்.

இத்திறமை லொறிகளோடு வந்ததுமன்று. தொமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலை முதலாக, ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலைகள் யாவும் உருளைகளாலும் உலர்த்திகளாலும் இயங்கியவை. அவற்றுக்கு எண்ணெயிட்டு, வார்ப்பட்டி மாட்டி, சத்தம் கேட்டுக் காத்தவர்களுள் தோட்டத் தமிழர் பலர். இருந்தும், மலையகத் தமிழன் என்றதும் நம் எழுத்துகளில் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமே முன்வருகின்றன. திருப்புளி வருவதில்லை.

அந்தச் சாரதி என்னவானார்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் பேசப்படவிருந்தது. சாரதியின் பெயர் இந்தியக் கணக்கில் விழுந்தது. 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர் கொழுந்து நிறுத்ததாகப் பெரியவர் கேள்விப்பட்டிருக்கிறார். போகும்போது தமது ஃபீலர் கேஜைச் சீடரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்தக் கையளவையை வேண்டாததாக்கிய அமைப்பு அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. 1930இல் கடிலாக் நிறுவனம் 16 சிலிண்டர்கள் கொண்ட தன் ஆடம்பரக் காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சரிசெய்கருவியைப் புகுத்தியது. சிறு குழலுக்குள் ஓர் உந்தி, ஒரு சுருள்வில், எண்ணெயைத் திரும்பவிடாத ஒரு குண்டு வால்வு, அவ்வளவுதான். இடைவெளி தோன்றும்போதெல்லாம் எண்ணெய் புகுந்து அதை நிரப்பும். அடைபட்ட எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காதாகையால் இரும்புபோல நின்று வால்வைத் திறக்கும்.

அமெரிக்க வி-8 இயந்திரங்கள் பலவற்றிலும், அவற்றையே தழுவிய படகு இயந்திரங்களிலும் இது பரவியது. அவற்றுள் ரொக்கர் திருகாணி உள்ளவற்றை ஒருமுறை பொருத்திச் சரிசெய்ய வேண்டும். வால்வு மூடியிருக்கையில் தள்ளுகோலின் ஆட்டம் அற்றுப்போகும்வரை இறுக்கி, அதன் பின்னர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை, மேலும் இறுக்க வேண்டும். பழைய பழக்கத்தில் இடைவெளி விட்டால் இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் வால்வு மூடாது. கரையருகே அது பெரிய இழப்பில்லை. நடுக்கடலில் படகு நின்றால் உயிருக்கே ஆபத்து.

என் கார் போன்ற ஜப்பானிய இயந்திரங்கள் பலவற்றில் திருகாணியே கிடையாது. சரியான தடிப்பில், சுத்தமான எண்ணெய், போதிய அழுத்தத்தில் போக வேண்டும், அதுவே சரிசெய்தல். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சில விநாடி தட்டினால் கவலையில்லை. சூடேறிய பின்னும் தட்டினால் எண்ணெயின் மட்டத்தையும் தடிப்பையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னரே டப்பட்டைக் கழற்ற வேண்டும். பெரியவர் ஓயிலையும் ஃபில்டரையும் மாற்றினார். வெல்லவாய போய்த் திரும்புவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

"தானாச் சரியாகும்னு எழுதியிருந்தாலும் யாராவது காது குடுக்கணும் சேர்" என்றார். மீரியபெத்தை மலை பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்ததை இருவரும் பேசிக்கொண்டோம். அதற்குமேல் பேச்சு ஓடவில்லை.

புறப்படும்போது சாரதியின் ஃபீலர் கேஜைக் காட்டினார். 12ஆம் தகடு தேய்ந்து மெலிந்துவிட்டது. "இதால அளந்தா பிழைதான் வரும்" என்று சொல்லி, எண்ணெய்த் துணியில் சுற்றி மீண்டும் பெட்டியில் வைத்தார்.

இரு நாட்டுக் காகிதங்களிலும் அதன் உரிமையாளர் 'தொழிலாளி' என்றே பதியப்பட்டிருப்பார். இத்தகைய இயந்திரக்காரர்களை அறிந்த வாசகர்கள் நீலகிரியிலும் வன்னியிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருப்பீர்கள். நினைவிருக்கும்போதே எழுதிவைக்க வேண்டுகிறேன்.