ஊகிக்கத்தக்கமை: ஒட்டுப்பசைக் காப்புரிமைகள்

ஊகிக்கத்தக்கமை என்பது ஒரு கண்டுபிடிப்பைத் துறையில் சாதாரணத் திறனுள்ளவர் எளிதில் எட்டியிருப்பாரா என்று சோதிக்கும் காப்புரிமைச் சட்ட அளவுகோல். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு இதை வகுக்கிறது. புதிய பசையாக இருந்தாலும் இச்சோதனையில் தேறாவிட்டால் காப்புரிமை கிடைக்காது.

கிரகாம் எதிர் ஜான் டீர் (1966) வழக்கின்படி ஏற்கெனவே வெளியான அறிவின் (முன்னறிவின்) பரப்பு, அதற்கும் உரிமைகோரலுக்கும் உள்ள வேறுபாடு, துறையினரின் திறன்மட்டம் ஆகியவை ஆராயப்படும். வணிக வெற்றி, நெடுநாள் தீராத தேவை, பிறரின் தோல்வி ஆகியவை துணைச் சான்றுகள்.

பசை பெரும்பாலும் பலபடி, பிசின், கரைப்பான், குறுக்கிணைப்பி போன்றவற்றின் கலவை. தெரிந்த பிசினுக்குப் பதில் அதே பணியைச் செய்யும் மற்றொன்றைச் சேர்ப்பதும், வழக்கமான சோதனைகளால் உகந்த விகிதத்தைக் கண்டறிவதும் பொதுவாக ஊகிக்கத்தக்கவை. தெரிந்த கூறுகள் எதிர்பார்த்த விளைவையே தரும் சேர்க்கைக்கும் இது பொருந்தும் என்பதைக் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் (2007) தீர்ப்பு வலியுறுத்தியது.

வேதியியலில் மூலக்கூறு அமைப்பு மட்டும் போதாது. பண்புகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது பேப்பெஷ் (1963) தீர்ப்பு. எனவே எதிர்பாராத ஒட்டுதிறனையோ வெப்பத்தாங்குதிறனையோ ஒப்பீட்டுச் சோதனைத் தரவுகளால் நிறுவினால், ஊகிக்கத்தக்கது என்ற மறுப்பை முறியடிக்கலாம்.

கண்டுபிடித்த விதம் தடையாகாது. 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968இல் வலுவான பசையைத் தேடியபோது, லேசாக ஒட்டி எளிதில் பிரியும் அக்ரிலேட் நுண்கோளங்களைக் கண்டார். அவற்றுக்கு 1972இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

விடை தெரிந்தபின் எதுவும் எளிதாகத் தோன்றும் என்பதால், விண்ணப்பத்தின் பயனுறு தாக்கல் தேதிக்கு முந்தைய அறிவைக் கொண்டே மதிப்பிடுவது விதி.