கொடி மாறிய ஊர், ஆள் மாறும் அணி

டிரான்ஸ்பருக்கு அரசு விடுமுறை விடும் ஊர் எங்களுடையது. ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் முடிந்த மறுநாளே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இன்னொரு விடுமுறை வரும். அதன் பெயரே ‘டி ஜூரே டிரான்ஸ்பர் டே’. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். நடுவில் இருந்த எட்டு வருடம் காரைக்கால் நடைமுறையில் இந்தியா, காகிதத்தில் பிரான்ஸ்.

இந்தக் கதை தெரிந்த ஊர்க்காரன் என்பதால்தான் சென்னையின் எஃப்சியைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் வருகிறது. எங்கள் ஊரில் கொடி மாறியது, ஆட்கள் மாறவில்லை. அதே தெரு, அதே கடை, அதே கோயில் தேர். எங்கள் அணியில் நீலச் சட்டை அப்படியே இருக்கிறது, உள்ளே இருக்கும் ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். வரலாறு முழுக்க ஆள் மாற்றியே பிழைத்த ஒரு கிளப், அந்த வித்தை எப்போது பலிக்காமல் போனது என்பதை இன்னும் கவனிக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

காரைக்கால்காரனுக்குச் சென்னை அணி எப்படி ‘எங்கள் அணி’ ஆனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுற்றிலும் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பையன் சந்தோஷ் டிராபி ஆடணும்னா 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரி அணிக்குப் போகணும். ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த வீடுகளில் உலகக் கோப்பை என்றால் பிரான்ஸ்தான். இந்தக் குழப்பம் புதுசும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸிடம் 1-2 எனத் தோற்றபோது நாங்கள் முழுசாகப் பிரெஞ்சுக்காரர்களின் கீழ் இருந்தோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பி.கே.பானர்ஜியின் கோலில் இந்தியா பிரான்ஸோடு 1-1 என டிரா செய்தபோது, நான் சொன்ன அந்த எட்டு வருட இடைவெளியில் இருந்தோம். அன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, தமிழ் பேசும் ஊரிலிருந்து ஒரு அணி வந்தபோது எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லாமல் போனது. மொழி போதும் என்று ஒட்டிக்கொண்டோம்.

ஒட்டிக்கொண்ட புதிதில் அணி எங்களை நன்றாகவே கெடுத்து வைத்தது. மார்கோ மாத்தராஸி பயிற்சியாளர். முதல் சீசனில் பிரேசிலின் எலானோ 8 கோலோடு கோல்டன் பூட் வாங்கினார். 2015 இன்னும் பெரிய கதை. பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குப் போனது. சென்னையில் வெள்ளம். சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதிப்போட்டி. 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 எனப் பின்தங்கியிருந்தோம், முடிந்தபோது 3-2. ஸ்டீவன் மெண்டோசா 13 கோல்.

அடுத்த வருடம் மெண்டோசா இல்லை, எலானோ இல்லை. எட்டு அணிகளில் ஏழாவது இடம். மாத்தராஸியும் போனார். 2017-ல் ஜான் கிரிகரி வந்தார். மைல்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரெனோ, இனிகோ கால்டெரோன் எனப் பின்வரிசையையே புதுசாகக் கட்டினார். 2018 மார்ச் 17-ல் பெங்களூரிலேயே பெங்களூரு எஃப்சியை 3-2 என வீழ்த்தினோம். மைல்சன், ஒரு சென்டர் பேக், தலையால் இரண்டு கோல். அந்த வருடம் ஜூலையில் பிரான்ஸ் உலகக் கோப்பையும் வாங்கியது. காரைக்காலில் சில வீடுகளில் ஒரே வருடத்தில் இரண்டு கப்.

அந்த 2017-18 அணியில் நான் அதிகம் பார்த்தது நடுக்களத்தில் நின்ற தனபால் கணேஷை. வியாசர்பாடிக்காரர். வெளிநாட்டவர்களுக்கு நடுவே பந்தைப் பறிப்பதும், பறித்ததைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சுத்தமாகக் கொடுப்பதும்தான் அவர் வேலை. ஹைலைட்ஸில் வராத வேலை. அடுத்த சீசன் முழுக்க அவர் முழங்கால் காயத்தில் வெளியே. சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. பத்து அணிகளில் பத்தாவது. ஒரு ஆள் இல்லாததால் மட்டும் இது நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு ஆளுக்கு மாற்றாக நிறுத்த உள்ளூரில் தயாராக இன்னொருவர் இல்லை என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்தது.

இப்போது அதே 2018-19 சீசனில் கோயம்புத்தூருக்கு வாருங்கள். ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்சி என்ற கிளப் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. நட்சத்திர முதலாளிகள் இல்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ என ஸ்பெயினிலிருந்து வந்த சிலர். அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என நம்ம ஆட்கள். மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என வென்றார்கள். சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. மான்சி 21 கோல்.

யோசிச்சுப் பாருங்க. ஒரே பெயர் கொண்ட நகரம், ஒரே சீசன். ஒரு கிளப் ஒரு லீகில் முதலிடம், இன்னொரு கிளப் இன்னொரு லீகில் கடைசி இடம். இரண்டு லீகின் தரமும் ஒன்றல்ல, சரி. ஆனால் அணி கட்டுவது எப்படி என்ற கேள்விக்கு விடை 500 கிலோமீட்டர் தள்ளி நேரு விளையாட்டரங்கத்துக்குக் கேட்கும்படி சொல்லப்பட்டது. வெளிநாட்டவர் நான்கைந்து பேர் முதுகெலும்பு. மற்ற இடங்களில் ஒருவரை ஒருவர் தெரிந்த, ஒரே மொழியில் கத்திக்கொள்ளக்கூடிய பையன்கள்.

அந்த விடையும் நிலைக்கவில்லை. சாம்பியன் ஆன பிறகு சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் பங்கு வாங்கியது. எதிர்பார்ப்பு எகிறியது. ஆனால் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். எட்வின் சென்னையினுக்கு, அஜித் பெங்களூருவுக்கு, ரொமாரியோ கோவாவுக்கு. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அதற்கு முன்பே அங்கிருந்து ஜம்ஷெட்பூர் போயிருந்தார். 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஒரு சாம்பியன் கிளப் மூன்று வருடத்துக்குள் தேசிய லீகிலிருந்து காணாமல் போவதை நம் ஊடகங்கள் ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட எழுதவில்லை என்பது என் நீண்டகால வருத்தம்.

சென்னையின் பக்கம் திரும்புவோம். 2019-ல் மறுபடியும் ஆள் மாற்றம். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, கோயான். தொடக்கத்தில் கோலே வரவில்லை. கிரிகரி விலக, டிசம்பரில் ஓவன் கோயல் வந்தார். அதே ஆட்களை வைத்துக்கொண்டே நான்காவது இடம், பிறகு இறுதிப்போட்டி. 2020 மார்ச் 14-ல் கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஏடிகேவிடம் 1-3 எனத் தோற்றோம். சூசைராஜ் அப்போது ஏடிகே அணிக்காரர். வால்ஸ்கிஸ் 15 கோல், கோல்டன் பூட்.

என் கணக்கில் இந்தக் கிளப்பின் மிகப் பெரிய தவறு அதன் பிறகு நடந்ததுதான். இறுதிக்குப் போன அணியைப் பிடித்துவைக்கவில்லை. கோயல் ஜம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸ் பின்னாடியே போனார். 2021-22-ல் ஜம்ஷெட்பூர் லீக் ஷீல்டு வாங்கியது. நாங்கள்? 2020-21-ல் எட்டாவது. 2021-22-ல் எட்டாவது. 2022-23-ல் எட்டாவது. லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என வருடத்துக்கு ஒரு பயிற்சியாளர், வருடத்துக்கு ஒரு புது வெளிநாட்டுக் கூட்டம். கோயலே திரும்பி வந்த 2023-24-ல் ஆறாவது. மறு வருடம் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது.

வித்தை ஏன் பலிக்கவில்லை? கணக்கு மாறிவிட்டது. 2014-ல் மைதானத்தில் ஒரு அணிக்கு 6 வெளிநாட்டவர் இறங்கலாம். 2017-ல் அது 5 ஆனது. 2021-ல் 4. ஆறு பேர் இறங்கிய காலத்தில் ஒரு நல்ல வெளிநாட்டுச் சந்தை ஜூன்-ஜூலையில் அமைந்தால் பாதி அணியே புதுசு, கோப்பை வரலாம். இன்றைக்கு நால்வரையும் உலகத்தரத்தில் கொண்டுவந்தாலும் மீதி ஏழு இடம் இந்தியர்களுடையது. லீகை வெல்வது அந்த ஏழு பேர்தான். நாங்கள் அந்த ஏழு பேரைத்தான் ஊர் ஊராக அனுப்பிவைத்தோம். சாங்தே மும்பை போய் 2022-23-ன் சிறந்த இந்திய வீரர் விருது வாங்கினார். கோல்கீப்பர் விஷால் கெய்த் கொல்கத்தா போன முதல் வருடமே கோல்டன் கிளவ். அனிருத் தாபா 2016-லிருந்து எங்களிடம் வளர்ந்து 2023-ல் மோகன் பகான். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒரே கோல், ஈஸ்ட் பெங்காலின் நாலரை வருட டெர்பி வறட்சியை முடித்தது. கொல்கத்தாவில் ஒரு தமிழ்ப் பெயரைப் பாட்டாகப் பாடினார்கள். பெரியமேட்டில் நாங்கள் அந்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணிக்கொண்டிருந்தோம்.

“உள்ளூர்ப் பாசம் பேசினா கப் வருமா?” என்று நண்பர்கள் கேட்பார்கள். பாசமாக இதைப் பேசவில்லை. எங்கள் ஊரின் பழைய எஜமானர்களையே பாருங்கள். பிரான்ஸ் 1970, 1974 இரண்டு உலகக் கோப்பைக்கும் தகுதி பெறவில்லை. 1972-ல் விஷி நகரத்தில் தேசியப் பயிற்சி மையம் திறந்தார்கள். கிளப்புகள் சொந்தப் பயிற்சிக்கூடம் நடத்தணும் என்று விதி வந்தது. 1988-ல் மையம் கிளேர்ஃபோந்தேனுக்கு மாறியது. அதற்குப் பிறகும் 1990, 1994-ல் தகுதி பெறவில்லை. கப் வந்தது 1998-ல். விதை போட்டு 26 வருடம். நடுவில் இரண்டு முறை பயிர் காய்ந்தபோது யாரும் வயலை விற்றுவிட்டுப் போகவில்லை.

சரி, என்னிடம் அணியைக் கொடுத்தால்? முதலில், இருக்கும் இந்தியர்களில் 24 வயசுக்குக் கீழே உள்ள ஐந்து பேரைத் தேர்ந்து மூன்று வருட ஒப்பந்தம். எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் அந்த ஐவரைத் தொடக்கூடாது. இரண்டாவது, வெளிநாட்டவர் நால்வரையும் நடுக்கோட்டிலேயே வாங்குவேன்: ஒரு சென்டர் பேக், ஒரு தடுப்பு நடுக்களம், ஒரு பிளேமேக்கர், ஒரு ஸ்ட்ரைக்கர். ஓரங்களில் ஓடும் வேலைக்கு நம் பையன்கள் போதும். சூசைராஜும் நந்தகுமாரும் அதற்குச் சாட்சி. மூன்றாவது, ஒப்பந்தம் முடியும் வரை தூங்கிவிட்டுச் சும்மா கையசைத்து அனுப்பக்கூடாது. கடைசி வருடத்துக்குள் புதுப்பிப்பு, இல்லையென்றால் விலை பேசி விற்பனை, அந்தப் பணம் இளையோர் அணிக்கு.

நான்காவதுதான் கஷ்டமானது: தேடல். குமரிக் கடற்கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, வள்ளவிளை என்று மீனவ ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தருகின்றன. மணல், மாலை நேரம், ஒரு பந்து, ஊர்களுக்கு இடையில் மானப் பிரச்சினை. இதே நான்கும் எங்கள் காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் இருக்கின்றன. இல்லாதது, ஒரு பையனைப் பதினான்கு வயதில் பார்த்துப் பெயர் எழுதிக்கொள்ளும் ஒரு ஆள். தமிழ்நாட்டுத் தேர்வாளருக்கு நாங்கள் வேறு மாநிலம். புதுச்சேரிக்காரருக்கு நாங்கள் தூரம்.

டெல்டாவில் எங்கே கால்பந்து என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சைமன் சுந்தரராஜ். தஞ்சாவூர்க்காரர். பிரான்ஸை டிரா செய்த அந்த 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர். 1973-ல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபி வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். நம்ம வண்டல் மண் ஆள், அடுத்த மாநிலத்தின் கால்பந்துப் பெருமைக்கு முதல் கல் வைத்தார். சூசைராஜுக்கும் நந்தகுமாருக்கும் ரொம்ப காலம் முன்னாடியே இந்தப் பழக்கம் நமக்கு உண்டு.

இப்போது அவசரமும் இருக்கிறது. 2010-ல் போட்ட பதினைந்து வருட வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிய, லீக் நடக்குமா நடக்காதா என்றே அந்த வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம். பணம் சுருங்கும் காலத்தில் கிளப்புகள் முதலில் வெட்டுவது இளையோர் அணியை. அதை வெட்டினால் சென்னை சிட்டிக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கும். ஸ்டாண்டில் நிற்கும் சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் அடுத்த சீசனும் அதே நீலத்தில் வருவார்கள், நானும் இரவு ரயில் பிடித்து எழும்பூரில் இறங்குவேன். சட்டைக்குள் யார் இருப்பார்கள் என்று தெரியாமலே வரும் கூட்டம் இது. அதில் ஐந்து பேரையாவது மூன்று வருடம் தொடர்ந்து பேர் சொல்லிக் கூப்பிட விடுங்கள். எட்டாவது இடத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வோம்.