ஒரு பேரிங்கை எத்தனை முறை வரைவது? கோவை வரைபட மேசையில் பிளாக்கின் வரலாறு

கோவையில் பம்ப், மோட்டார் டிராயிங்குகளோடு பழகியவர்களுக்கு 6205 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. கொண்ட பால் பேரிங் அது. டி-ஸ்கொயரும் டிரேசிங் பேப்பரும் ஆண்ட காலத்தில் அதைத் தாளில் ஏற்ற வேண்டுமென்றால், டிராஃப்ட்ஸ்மேன் முதலில் ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர்கள் தொகுத்து, கோவை கலைக்கதிர் அச்சகம் வெளியிட்ட ‘டிசைன் டேட்டா’ அந்தப் புத்தகம். இயந்திரவியல் மாணவர்கள் தேர்வு அறைக்கே எடுத்துச் செல்லும் நூல். அதிலிருந்து மூன்று அளவுகளையும் எடுத்து, சாஃப்டின் மையக்கோட்டுக்கு இரு பக்கமும் பிசகாமல் வரைவார். அடுத்த தாளில் மறுபடியும் அதே வேலை.

இன்று அதே பேரிங், கணினி வரைவு மென்பொருளில் பெயரிட்டுச் சேமித்த ஒரு பிளாக். இன்சர்ட் கட்டளை கொடுத்து, மையக்கோட்டில் ஒரு புள்ளியைத் தொட்டால் வந்து உட்கார்ந்துவிடும். இந்த மாற்றத்தை நேர மிச்சம் என்ற ஒரே கணக்கில் சொல்லி முடிப்பது வழக்கம். என் பார்வையில் அது பாதிக் கதைதான். நகல் தன் மூலத்தோடு எவ்வளவு தூரம் கட்டுண்டு கிடக்கிறது என்பதே இந்த வரலாற்றின் உயிர்க்கேள்வி.

ஒன்றைச் செய்து பலவாக்கும் கலையைக் கொங்கு நாட்டுக்குக் கணினி கற்றுத்தரவில்லை. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. மாடு பூட்டிக் கவலை ஓட்டிய கிணறுகளில் மோட்டார் இறங்கத் தொடங்கியது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பம்ப் கூட்டுக்கும் மோட்டார் உடலுக்கும் பவுண்டரி வேண்டும். பவுண்டரிக்கு பேட்டர்ன் வேண்டும். வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும் என்பதால், பேட்டர்ன் மேக்கர் அந்த அளவுக்குப் பெரிதாகவே மரத்தைச் செதுக்குவார். ஒரு மரவடிவம், நூற்றுக்கணக்கான வார்ப்புகள். ஆனால் பேட்டர்னைத் திருத்தினால் இனி வார்ப்பது மட்டுமே மாறும். நேற்று வார்த்தது நேற்றையபடியே இருக்கும்.

பஞ்சாலை இயந்திர டிராயிங்கில் சிக்கல் வேறு. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் போன்ற ஆலைகள் செய்யும் நூற்பு இயந்திரமான ரிங் ஃபிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் வரிசை கட்டி நிற்கும். அத்தனையையும் கையால் வரைய ஆகுமா? முதலில் ஓரிரண்டை முழுதாக வரைந்து, மற்றவற்றுக்கு மையக்கோடு மட்டும் இழுத்து, எண்ணிக்கையைக் குறித்துவிடுவது பொறியியல் வரைவின் ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபு. ஒரு கதிரைத் திருத்தினால் எல்லாக் கதிரும் திருத்தப்பட்டதாகவே பொருள். பிளாக்கின் உண்மையான மூதாதை என்று நான் கருதுவது இந்த மரபைத்தான்.

கணினியில் இதைச் செய்து காட்டியவர் ஐவன் சதர்லேண்ட். 1963-இல் எம்.ஐ.டி.யில் அவர் ஆய்வேடாக அளித்த ஸ்கெட்ச்பேட், டிஎக்ஸ்-2 கணினியில் ஒளிப்பேனாவால் வரையும் மென்பொருள். அதில் மூலப்படம் ஒன்று இருக்கும். திரையில் தெரியும் பிரதிகள் எல்லாம் அதைச் சுட்டும். மூலத்தில் ஒரு கோட்டை மாற்றினால் பிரதிகள் அத்தனையும் அக்கணமே மாறும். கூடவே இன்னொரு கருத்தும் இருந்தது: இந்தக் கோடு அதற்கு இணை, இந்தப் புள்ளி அந்தக் கோட்டின் மேல் என்று உறவுகளை விதியாகவே எழுதிவைப்பது. பிற்காலத்தில் இந்த இரண்டும் பிரிந்து போனதுதான் நம் பிளாக்கின் குறை தொடங்கிய இடம்.

1982-இல் வெளிவந்த ஆட்டோகேட், முதல் கருத்தைத் தனிநபர் கணினிக்குக் கொண்டுவந்தது. 1984 நவம்பரில் வந்த இந்திய அரசின் கணினிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்திய பிறகு, அத்தகைய கணினிகள் இங்கே எட்டும் தூரத்துக்கு வந்தன. பிளாக் செய்கிறவர் முடிவெடுக்க வேண்டியவை சில உண்டு. அடிப்புள்ளி எது? பேரிங்குக்கு அது மையக்கோட்டில் இருந்தால்தான் சாஃப்டில் சரியாக உட்காரும். மூலையில் வைத்தால் ஒவ்வொரு முறையும் நகர்த்தியே கை ஓயும். எந்த லேயரில் வரைவது? பூஜ்ய லேயரில் வரைந்து, நிறத்தையும் கோட்டுவகையையும் லேயரின் போக்கிலேயே விட்டால், செருகிய இடத்து லேயரின் குணத்தை அது ஏற்றுக்கொள்ளும். அலகும் முக்கியம். அலகைக் குறிக்காமல் அங்குலத்தில் செய்த பிளாக், மில்லிமீட்டர் டிராயிங்குக்குள் வரும்போது 25.4 மடங்கு பிசகிவிடும்.

பிளாக்கின் கட்டு ஒரு கோப்புக்குள் மட்டும்தான். கோப்பைத் தாண்டிய கட்டு 1990-இல், ஆட்டோகேட்டின் பதினொன்றாம் வெளியீட்டில், வேறொரு கோப்பைச் சுட்டும் எக்ஸ்ரெஃப் வசதியோடு வந்தது. 2005-இல் வந்த டைனமிக் பிளாக், ஒரே போல்ட்டைப் பல நீளத்துக்கு இழுக்க வழிசெய்தது. அதற்கு முன் போல்ட் பிளாக்கை நீளத்துக்காகப் பெரிதாக்கினால் தலையும் சேர்ந்து பருத்துவிடும்.

இத்தனையும் இருந்தும் ஒரு பழக்கம் என்னை வருத்துகிறது. அவசரத் திருத்தம் என்றால் பிளாக்கை எக்ஸ்ப்ளோட் செய்து, தனிக் கோடுகளாக உடைத்துவிடுவது. எனக்கு வந்த பழைய மோட்டார் டிராயிங் ஒன்றில் இரு முனையிலும் பேரிங் இருந்தது. சொடுக்கிப் பார்த்தால் ஒன்று பிளாக். மற்றது தனித்தனிக் கோடுகளின் குவியல். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மூலத்தை மாற்றியபோது ஒரு முனை மட்டும் மாறியது.

அதைவிட ஆழமான குறை வேறு. 6205-க்குப் பதில் 6206 வேண்டும் என்று முடிவாகிறது. பிளாக்கை மாற்றுகிறோம், வெளிவிட்டம் 62 மி.மீ. ஆகிறது. பேரிங்கைத் தாங்கும் எண்ட் கவரில் வரைந்திருந்த 52 மி.மீ. துளை அப்படியே நிற்கிறது. பிளாக்குக்குத் தன்னைத் தெரியும், பக்கத்தில் இருப்பதைத் தெரியாது. சதர்லேண்டின் இரண்டாம் கருத்து இங்கேதான் தேவைப்படுகிறது. அதை முப்பரிமாண வடிவமைப்பில் 1988-இல் புரோ-இன்ஜினியர் வணிகத்துக்குக் கொண்டுவந்தது. ஆட்டோகேட்டின் இருபரிமாணத் தாளுக்கு அது வந்து சேர்ந்தது 2009-இல் வெளியான ஆட்டோகேட் 2010-இல்தான். ஸ்கெட்ச்பேடுக்கு 46 ஆண்டுகள் கழித்து.

இப்போது உறவுகளைச் சரியாகக் கட்டிய மாடலில், பேரிங்கை மாற்றினால் திரையில் துளையும் விரிகிறது. எண்ட் கவர் வார்ப்பாக வெளிவர அது போதாது. பேரிங் உட்காரும் துளைக்கான மணற்கருவை வடிக்கச் செய்திருந்த பழைய கோர் பாக்ஸைப் பேட்டர்ன் மேக்கர் எடுத்து வைத்து, துளை பெரிதானால் சுற்றுச் சுவரில் எவ்வளவு கனம் மிஞ்சும் என்று காலிப்பரால் அளந்து பார்க்கிறார்.